இளவேனிலும் நம் இல்லத்து முதியோரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

பேரன்பு கொண்ட தலைவர் அவர்களே, நிருவாகக் குழுவினரே, தாய்மார்களே, பெரியோர்களே, இப்பேச்சு எப்போது முடிந்து நாடகம் தொடங்கும் என்று முன்வரிசைப் பாயில் காத்திருக்கும் குழந்தைச் செல்வங்களே!

விழாக் குழுவினர் எமக்கு அளித்த தலைப்பு 'இல்லமும் இளவேனிலும்' என்பது. கேட்பதற்கு இனிய தலைப்பு. ஆயினும் பேசத் தொடங்கும்போதே ஓர் ஐயம் எழுகின்றது. இளவேனில் எப்போது வருகின்றது? நம் முன்னோர் ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். தமிழகத்துச் சமவெளியில் வாழ்வோர்க்கு இக்கணக்கு பொருந்தலாம். கடல் மட்டத்திற்கு 900 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் இந்தப் பெங்களூரிலோ, ஜீவனஹள்ளியின் குறுகிய தெருக்களில் மாசி மாதத்திலேயே மரங்கள் பூத்துவிடுகின்றன. பஞ்சாங்கம் பின்பனி என்கிறது. மரமோ வசந்தம் என்கிறது. நாம் மரத்தின் பக்கம் நின்று பேசுவோம்.

காக்ஸ் டவுன் பக்கமிருந்து நடந்து வருவோர் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் காணும் காட்சியை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இலையே தோன்றாமல் மரம் முழுவதும் இளஞ்சிவப்பாக நிற்கும் வசந்தராணி. அதன் பின்னே மஞ்சள் நிறத்து உடன்பிறப்பு. பிறகு ஊதா நிற ஜகரண்டா. ஏப்ரல் பிறந்தால் செந்தீப் போன்ற குல்மோகர். இவற்றுள் ஒன்றேனும் இம்மண்ணுக்கு உரிய மரமன்று. வசந்தராணியும் ஜகரண்டாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. குல்மோகர் மடகாஸ்கர் தீவினது. 1908 முதல் லால்பாக்கின் பொறுப்பை ஏற்றிருந்த செர்மானியர் கிரும்பீகல், ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் மற்றொன்று பூக்கத் தொடங்குமாறு தேர்ந்து நடும் முறையை இந்நகருக்குக் கற்பித்தவர் என்பர். பின்னர் 1980-களில் எஸ். ஜி. நெகின்ஹால் என்னும் வனத்துறை அதிகாரி ஏறத்தாழ 15 இலட்சம் மரக்கன்றுகளை நகரெங்கும் நடச் செய்தார். நாம் இன்று நின்று வியக்கும் வண்ணங்களுட் பல அவர் காலத்துக் கொடை. வெளியூரிலிருந்து வந்து இம்மண்ணில் வேர்விட்டு, இவ்வூருக்கே அழகாய் நிற்கும் மரங்களைப் பற்றிக் குடிபெயர்ந்து வந்த தமிழர் கூடிய அவையில் மேலும் சொல்லவேண்டுமோ?

மண்ணுக்குரிய மரங்களும் உண்டு. மார்ச்சு இறுதியில் புங்கமரம் பழைய இலையை உதிர்த்துவிட்டு எண்ணெய் பூசியது போன்ற தளிரை விடுகிறது. கன்னடத்தார் இதனை 'ஹொங்கே' என்பர். ஊரிலிருந்து வரும் நம் பெற்றோர்க்கு அச்சொல் முதலில் விளங்குவதில்லை. நம் பகரம் அவர்கள் நாவில் ஹகரமாகிறது என்னும் ஒரு சிறு திறவுகோலைக் கொடுத்துப் பாருங்கள். பால் 'ஹாலு' ஆனது. புலி 'ஹுலி' ஆனது. பூ 'ஹூவு' ஆனது. புங்கு 'ஹொங்கே' ஆனது. நம் ஊர்ப்பெயரின் இறுதியில் நிற்கும் 'ஹள்ளி'யும் தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களில் நாம் காணும் 'பள்ளி'யின் உறவே. இத்துணை அறிந்த ஒரு பாட்டியார் கீரைக்காரியோடு பேரம் பேச அஞ்சமாட்டார். எம் தெருவில் அவ்வாறு பேசத் தொடங்கிய மூதாட்டியார் ஒருவர் இப்போது எங்களைவிடக் குறைந்த விலைக்கே பூ வாங்குகிறார்.

இப்பருவத்தில் நமக்கு இரு புத்தாண்டுகள் வாய்க்கின்றன. முதலில் யுகாதி. அண்டை வீட்டினர் வேப்பம்பூவும் வெல்லமும் கலந்து 'பேவு பெல்லா' என்று கையில் தருவர். சில நாள் கழித்துச் சித்திரை முதல் நாளில் நாம் வேப்பம்பூவும் மாங்காயும் இட்ட பச்சடியை அவர்கள் வீட்டுக்கு அனுப்புகிறோம். கிண்ணம் திரும்பி வரும்போது வெறுமையாக வருவதில்லை. அதில் ஒரு கைப்பிடிச் சர்க்கரையேனும் இருக்கும். வேம்பு ஒன்றே, கிண்ணந்தான் இருபுறமும் நடக்கிறது.

இனி இல்லத்துத் தொல்லைகளுக்கு வருவோம். இவற்றைச் சொல்லாவிட்டால் அவையில் உள்ள தாய்மார்கள் எம்மை விடமாட்டார்கள்.

வசந்தராணியின் மலர் தெருவில் கிடக்கும்போது அழகு; ஈரமாகி வாயிற்படியில் ஒட்டிக்கொண்டால் வழுக்கும். புங்கம்பூ பொரிபோல் உதிர்ந்து, பெருக்கிய வாயிலை அரை நாழிகையில் மீண்டும் பெருக்கச் சொல்லும். காலி மனைகளில் மண்டும் பார்த்தீனியம் மூச்சிழுப்பு உள்ளவர்களை இரவெல்லாம் உட்கார வைக்கும். எறும்பு சர்க்கரை டப்பாவின் மூடியைத் திறக்கக் கற்றுக்கொண்டதோ என்று எண்ணத் தோன்றும். காஸ் சிலிண்டர் விருந்தினர் வந்த நாளில்தான் தீரும். இது எல்லா ஊர்க்கும் பொதுவான விதிபோலும்.

வடாம் ஒரு தனிக் கதை. மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி விரித்துக் கூழ் வடாம் இடுவதற்கு ஏப்ரல் மாத வெயிலைப்போல் ஏற்றது பிறிதில்லை. ஆனால் அதே மாதத்தில்தான் மாங்காய் மழை என்று வழங்கும் பிற்பகல் இடிமழையும் வருகின்றது. மாவுக்கும் மரத்துக்கும் ஒரே வானம். காலையில் பொசுக்கும் வெயில், மூன்று மணிக்குக் கிழக்கே கருமை, மூன்றேகாலுக்குச் சரமாரி. மாம்பிஞ்சுக்கும், குடகு, சிக்கமகளூர் மலைகளில் காப்பிப் பூவுக்கும் அம்மழை அமுதம். நம் வடாத்துக்கோ அது நஞ்சு. புறாக்கள் உண்டது போக எஞ்சியதை மழை கரைத்துச் செல்லும் வேதனையை அறியாத குடும்பம் இவ்வவையில் இராது.

ஆனால் இவையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய தொல்லைகள். தண்ணீர்த் தொல்லை அத்தகையதன்று. நம் குழாயில் வரும் காவிரி, 1974-இல் முதற்கட்டத் திட்டம் நிறைவேறிய பின்னரே இந்நகரை எட்டியது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி ஆகிய மூன்று இடங்களில் பொறிகளால் உந்தப்பட்டு, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏறி வருகின்ற நீர் அது. ஆறு இறங்கி ஓடுவதுதான் இயல்பு. நமக்காக அது மலை ஏறுகின்றது. 2023-இல் பருவமழை பொய்த்தது. அடுத்து வந்த 2024-ஆம் ஆண்டின் இளவேனிலில் நகரின் ஆழ்துளைக் கிணறுகள் பல வறண்டன. வண்டி கழுவவும் தோட்டத்துக்குப் பாய்ச்சவும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் தண்டம் என்று குடிநீர் வாரியம் மார்ச்சு மாதத்தில் ஆணையிட்டது. லாரித் தண்ணீருக்காக இரவு கண்விழித்தோரும், அரிசி கழுவிய நீரைத் துளசிக்கு ஊற்றியோரும் இங்கேயே அமர்ந்திருக்கிறீர்கள். அவ்வாண்டு அக்டோபரில் காவிரியின் ஐந்தாம் கட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. நாள் ஒன்றுக்கு 77.5 கோடி லிட்டர் என்பது அதன் அளவு.

அந்த வறண்ட இளவேனிலில் நம் இல்லங்களில் நிகழ்ந்த ஒரு செய்தியைப் பற்றி யாரும் பேசவில்லை. 'இவ்வாண்டு வரவேண்டாம் அம்மா, இங்கே தண்ணீர் இல்லை' என்று ஊரிலிருக்கும் பெற்றோர்க்குத் தொலைபேசியில் சொன்னவர்கள் பலர். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லாமல் இருந்ததே, அதுதான் இன்று நாம் பேச விரும்பும் பொருள். தலைப்பிலிருந்து விலகுவதாகத் தலைவர் எண்ணவேண்டா. இளவேனிலில்தான் நம் இல்லங்களுக்கு முதியோர் வருகிறார்கள்.

வேலூர், திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கங்களில் வெயில் 40 பாகையைத் தொடும். கத்திரி வெயில் தொடங்குமுன் பெற்றோரை இவ்வூருக்கு அழைத்துக்கொள்வது நம் குடும்பங்களின் வழக்கம். ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட்டுக்கு 1864-இல் இருப்புப்பாதை போடப்பட்டது. அன்று தொடங்கி அவ்வழியே வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நம்முள் பலர். இன்றும் அவ்வழியேதான் நம் தாய் தந்தையர் ஒரு கையில் மாவடு ஜாடியும் மறு கையில் மருந்துப் பையுமாக வந்து இறங்குகின்றனர். 2020 மார்ச்சில் முதியோர்க்குரிய இரயில் கட்டணச் சலுகை நிறுத்தப்பட்டபோது, தொகை சிறிதென்று நமக்குத் தோன்றியது. தம் பயணச்சீட்டைத் தாமே வாங்கவேண்டும் என்று எண்ணுகிற தந்தையர்க்கு அது சிறிதன்று.

இவ்வூர்க் காற்று குளிர்ந்தது என்னும் புகழும் இப்போது முழுதும் மெய்யன்று. 2016 ஏப்ரலில் இங்கே வெப்பம் 39.2 பாகை வரை ஏறியது. அகவை முதிர்ந்தோர்க்குத் தாகம் எடுக்கும் உணர்ச்சியே குறைந்துவிடுகிறது என்று மருத்துவர் கூறுவர். இரத்தக் கொதிப்புக்கு உண்ணும் சில மாத்திரைகள் உடலின் நீரை வெளியேற்றுவன. அத்துடன், இரவில் எழுந்து குளியலறைக்குச் செல்ல நேருமே என்று அஞ்சி மாலைக்குப் பின் தண்ணீரே அருந்தாத பெரியவர்கள் உண்டு. தலைசுற்றி விழுகிறார்கள், நாம் 'வயசாயிடுச்சு' என்கிறோம். வயது மட்டுமன்று காரணம். ஒரு செம்பு தண்ணீரும் ஓர் இரவு விளக்கும் இல்லாமையும் காரணம்.

எம் தெருவில் ஒரு குடும்பம். பெயர் வேண்டா. கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்வோர். மனைவியின் தாயார் திருவண்ணாமலைக்கு அருகில் ஒரு சிற்றூரினர், அகவை எழுபத்தாறு. கணவரை இழந்தவர். ஆண்டுதோறும் பங்குனியில் வருவார். வந்த மூன்றாம் நாள் மாடியில் வடாம் இடத் தொடங்குவார். தம் மகளுக்கு மட்டுமன்று, அக்கம்பக்கத்து ஆறு வீடுகளுக்கும். ஒரு பிற்பகலில் மாங்காய் மழை வந்தது. வேட்டியை எடுக்க விரைந்த அம்மையார் நனைந்த படியில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. இடுப்பெலும்பு தப்பியதே என்று மருத்துவர் ஆறுதல் சொன்னார்.

கட்டுப் பிரித்த பின் மகள் ஓர் ஆணையிட்டார்: 'இனிமேல் நீங்கள் மாடிப் பக்கமே போகக் கூடாது அம்மா.' அன்பினால் பிறந்த ஆணைதான். அம்மையாரும் தலையசைத்தார். பிறகு நாள் முழுவதும் தொலைக்காட்சிக்கு எதிரே அமர்ந்திருந்தார். பார்த்தார் என்று சொல்ல முடியாது. இரண்டு வாரம் கழிந்ததும், 'ஊருக்கு அனுப்பிவிடு. பெண் வீட்டுச் சோறு எத்தனை நாள் தின்பது?' என்றார். முன்பு பத்து ஆண்டுகளாக அதே வீட்டில் உண்டபோது அவர் அச்சொல்லைச் சொன்னதில்லை. அவ்வீட்டுக்குத் தாம் ஏதோ செய்துகொண்டிருந்தவரை அது பெண் வீடாக அவர்க்குத் தோன்றவில்லை. கை ஓய்ந்ததும் தோன்றிவிட்டது.

பெருமக்களே, 'பெண் வீட்டுச் சோறு' என்னும் இச்சொல்லை நாம் இவ்வவையில் சற்று நிறுத்தி ஆராயவேண்டும். மகனிடம் தங்குவது உரிமை, மகளிடம் தங்குவது விருந்து என்று நம் முதியோர் கருதுகின்றனர். ஒரே மகளைப் பெற்றவர்கள் என்ன செய்வர்? மகன் கடல் கடந்து சென்றுவிட்டவர்கள் என்ன செய்வர்? சட்டம் இவ்வேறுபாட்டைக் கைவிட்டு நெடுநாளாயிற்று. மணமான மகளும் பெற்றோரைப் பேணக் கடமைப்பட்டவளே என்று உச்ச நீதிமன்றம் 1987-இல் தீர்ப்பளித்தது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தபோது, மக்கள் என்னும் சொல்லில் மகன், மகள், வயது வந்த பேரன், பேர்த்தி அனைவரையும் அடக்கியது. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு, பேணுவதாகச் சொன்ன சொல்லைத் தவறினால் அந்தத் தானப் பத்திரத்தையே நீக்கவும் அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு வழி செய்கிறது. 2025 சனவரியில் அத்தகைய வழக்கொன்றில் ஒரு தாயின் பக்கம் உச்ச நீதிமன்றம் நின்றது.

சட்டம் வாய்த்தது நன்று. ஆயினும் தாயார் ஒருவர் தீர்ப்பாயத்தின் படியேறும் நிலை வந்தபின், அவ்வீட்டில் எஞ்சியிருப்பது பணக்கணக்கு மட்டுமே. மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாத தொகையைச் சட்டம் வாங்கித் தரும், 'சாப்பிட்டீர்களா?' என்னும் கேள்வியை வாங்கித் தராது. மற்றொன்றும் சொல்லவேண்டும். முதியோரைப் பேணுதல் என்று மேடைகளில் பேசும் ஆண்மக்கள், நள்ளிரவில் எழுந்து வெந்நீர் வைப்பவர் யார் என்பதைச் சொல்வதில்லை. பெரும்பாலும் மருமகளே. அவளுடைய பெற்றோரும் எங்கோ முதுமை எய்திக்கொண்டிருக்கின்றனர். தன் மாமியாருக்குக் கால் பிடித்துவிடும் பெண், தன் தாய்க்குத் தொலைபேசி மட்டுமே செய்ய முடிகிறதென்றால், அவ்வீட்டில் நீதி பாதிதான் நிகழ்கிறது. பெண் வீட்டுச் சோறு என்னும் சொல்லை முதலில் நீக்கவேண்டியவர் மருமகப் பிள்ளைகளே. 'இது உங்கள் வீடு அத்தை' என்று மருமகன் வாய்விட்டுச் சொல்லவேண்டும். மகள் நூறு முறை சொன்னாலும் அது அவர்கள் செவியில் ஏறாது.

நாம் குறித்த வீட்டில் நடந்தது அதுவே. மருமகன் ஒரு ஞாயிறன்று கொல்லரை அழைத்து வந்து மாடிப்படியின் இருபுறமும் இரும்புக் கைப்பிடி பொருத்தச் செய்தார். படியின் விளிம்புகளில் சொரசொரப்பான பட்டை ஒட்டினார். பிறகு மாமியாரிடம், 'அத்தை, மழை வந்தால் வடாம் போகட்டும், நீங்கள் ஓடி வரவேண்டாம். எடுக்க வேறு ஆள் இருக்கிறது' என்றார். வேறு ஆள் என்பது எதிர்வீட்டுக் கன்னடச் சிறுமி. தேர்வு முடிந்த விடுமுறையில் வானம் கறுத்ததும் மாடியேறுவது அவள் பொறுப்பு. கூலி, பொரித்த வடாம் ஒரு தட்டு. அம்மையார் ஆடி மாதம் வரை இருந்துவிட்டுத்தான் ஊர் சென்றார்.

ஊரிலேயே தங்கிவிட்ட பெற்றோரைப் பற்றியும் சில சொல்லவேண்டும். நாள்தோறும் கைப்பேசியில் முகம் பார்க்கிறோம், 'நல்லா இருக்கீங்களா?' என்கிறோம், 'நல்லா இருக்கோம்' என்கிறார்கள். அக்கேள்விக்கு அந்த விடை தவிர வேறு விடை அவர்களிடம் கிடையாது. 'இன்று என்ன குழம்பு?' என்று கேளுங்கள். 'நேற்று வைத்ததே இருக்கு' என்று மூன்று நாள் தொடர்ந்து விடை வந்தால், அவர்கள் அடுப்பு மூட்டவில்லை என்று பொருள். 'மாத்திரை சாப்பிட்டீர்களா?' என்பதைவிட, 'அட்டையில் எத்தனை மீதி?' என்பது பயனுள்ள கேள்வி. ஓய்வூதியம் பெறுவோர் உயிரோடிருப்பதை ஆண்டுதோறும் மெய்ப்பிக்க 2014-இல் 'ஜீவன் பிரமாண்' என்னும் மின்னணுச் சான்று வந்தது. உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையைப் பொறி ஏற்க மறுக்கவே, 2021-இல் முகம் காட்டும் முறையும் சேர்ந்தது. நவம்பரில் ஒரு நாள் விடுப்பெடுத்து ஊர் சென்று அதனைச் செய்து தரும் மகனுக்கோ மகளுக்கோ, அந்நாளில் வேறு பல செய்திகளும் கண்ணில் படும்: கிழிந்த காலணி, எரியாத விளக்கு, மூலையில் சேர்ந்த நாளிதழ்.

அவசர உதவிக்கு 14567 என்னும் மூத்தோர் உதவி எண் 2021-இல் நாடு முழுமைக்கும் வந்தது. இந்நகரில் அதற்கு முன்பே, 2002-இல், நைட்டிங்கேல்ஸ் மருத்துவ அறக்கட்டளையும் மாநகரக் காவல் துறையும் இணைந்து 1090 என்னும் எண்ணில் முதியோர்க்கான உதவியைத் தொடங்கின. இவ்வெண்களைப் பெரிய எழுத்தில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டுவது நன்று. ஆயினும் தொலைபேசி எண்ணைக் காட்டிலும் விரைந்து வருவது பக்கத்து வீடு. ஜீவனஹள்ளியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வாழும் நமக்கு, ஒரு மாற்றுச் சாவியை அண்டை வீட்டில் கொடுத்து வைப்பது கடினமா? மருத்துவமனையில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் சொல்வதைத் தமிழில் எடுத்துரைக்க, ஒரு முற்பகல் உடன் செல்வது நம் இளைஞர்க்கு இயலாததா?

செயலாளர் மணியில் கை வைத்துவிட்டார். குழந்தைகளும் எழுந்து நிற்கத் தொடங்கிவிட்டார்கள். ஒன்றை மட்டும் சொல்லி அமர்கிறோம். வாயிலருகே மேசைமேல் நீல அட்டையிட்ட ஒரு குறிப்பேடு இருக்கிறது. பகலில் தனித்திருக்கும் முதியோர் உள்ள வீடுகளின் கதவெண்ணும், மாற்றுச் சாவி யாரிடம் உள்ளது என்பதும், அவர்கள் எந்த மொழி பேசுவர் என்பதும் அதில் எழுதப்பட வேண்டும். தமிழ் வீடுகள் மட்டுமன்று. உங்கள் தெருவில் உள்ள எவ்வீடாயினும் எழுதலாம். விடுமுறை முடியும்வரை மாலைதோறும் ஒரு நடை சென்று பார்த்துவர எட்டு இளைஞர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் நால்வர் வேண்டும். எழுதுகோல் நூலால் கட்டியே வைக்கப்பட்டுள்ளது.